கண்ணாடிக்கு அடியில் ஒரு தேதி

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு சிவகாசி பேருந்து நிலையத்தில் வந்து நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். பதினோராவதாக இறங்கியவள் சண்முகக்கனி. அதே ஆறு நாற்பதுக்கு, அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தன் வீட்டு அடுப்படியில் நின்று தூக்குவாளியில் சோற்றைப் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தவளும் சண்முகக்கனிதான். கண்டக்டர் பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம், தான் பத்து டிக்கெட்தான் கிழித்ததாகவும், ஆனால் இறங்கும்போது பதினோரு பேர் இருந்ததாகவும், செக்கிங் வராததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்றும் சொன்னார்.

இறங்கியவள் மடிப்புக் கலையாத அரக்குச் சேலை கட்டியிருந்தாள், கையில் ஒரு மஞ்சள் பை, விருந்துக்குப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நிலைய வாசல் கடையில் ஒரு பாக்கெட் ரொட்டியும் அரை லிட்டர் பாலும் வாங்கிக்கொண்டாள், அவசரமில்லாத நடையில் மூன்று தெரு தாண்டி வந்து, வாசலில் சண்முகக்கனி செருப்பு விடுகிற இடத்தில், அங்கே கிடந்த செருப்பைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டு, தன் செருப்பையும் விட்டாள். கோலத்தை முடித்து நிமிர்ந்த மருமகள் ஜோதிலட்சுமி அவளைப் பார்த்துவிட்டு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க இப்பத்தான உள்ள..."

"அவ உள்ளதான் இருக்கா. நான் இப்பத்தான் வர்றேன்."

பேச்சுச் சத்தம் கேட்டு சண்முகக்கனி வெளியே வந்தாள். ஏழரைக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் பிந்தினால் கால் நாள் சம்பளம் போய்விடும். எதிரே நிற்கிறவளை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தாள்.

"வந்துட்டியா. தோசை மாவு இருக்கு, ஊத்திச் சாப்பிடு. நான் வர சாயங்காலம் ஆயிரும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த ஊரில் காலண்டர் வேலை பார்க்கிறவர்கள் எப்போதும் அடுத்த வருஷத்தில்தான் குடியிருப்பார்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளைக் கோத்த புது ஆல்பத்துக்குப் பூஜை போட்டால், அதிலிருந்து மார்கழி வரை அவர்கள் கையில் புரளுவதெல்லாம் இனிமேல் வரப்போகிற தேதிகள்; அடுத்த தீபாவளி என்ன கிழமை, அடுத்த மாசி அமாவாசை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் யோசிப்பார்கள். வங்கிச் சலானில் வருஷத்தைத் தப்பாக எழுதித் திரும்பி வருவதும், பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தில் இன்னும் பிறக்காத மாதத்தைப் போட்டுவிடுவதும் அங்கே வழக்கம். வங்கியிலும் பள்ளியிலும் இருப்பவர்கள் ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்திக்கொள்வார்கள்.

சண்முகக்கனி வேலை பார்த்த அச்சகத்தில் ஓய்வு பெறுகிற வயது என்று ஒன்று கிடையாது. பி.எஃப். பிடிப்பார்கள், அதில் பின்னால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வரும்; மற்றபடி முடிகிறவரை வரலாம், முடியவில்லையென்றால் நிற்கலாம். ஆனால் நிற்பதற்கு ஒரு முறை இருந்தது. ஆடிப்பெருக்கன்று, பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, நிற்க நினைக்கிறவர் புது வருஷத்துத் தினசரிக் காலண்டர் கட்டிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு தேதியைக் கிழித்து, பின்பக்கம் தன் பெயரை எழுதி, போர்மேன் தங்கமாரியிடம் கொடுப்பார். அதைத் தேதி கொடுப்பது என்று சொல்வார்கள். தங்கமாரி அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். அந்த நாள் வந்ததும் முதலாளி ஒரு அரக்குச் சேலையோ ஒரு வேட்டியோ கொடுத்து, ஒரு மாதச் சம்பளத்தைக் கவரில் வைத்து, கைகூப்பி அனுப்பிவைப்பார்.

முப்பத்தொரு வருஷம் சண்முகக்கனி சேர்ப்பு மேஜையில் நின்றிருந்தாள். தேதித் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, நான்கு பக்கமும் மேஜையில் தட்டித் தட்டி ஒரே மட்டமாக்கி, பின் அடிக்கிற மெஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, ஒரு கட்டுக்கு எத்தனை தட்டு என்று யாரும் எண்ணியதில்லை. தாளின் ஓரம் உரசி உரசி அவள் விரல்களில் ரேகை போய்விட்டது. ரேஷன் கடைப் பெட்டியில் விரலை வைத்தால் அது அவளை யாரென்று தெரியவில்லை என்று சொல்லும். ஒவ்வொரு மாதமும் விரலைத் தேங்காயெண்ணெயில் தேய்த்து, சேலையில் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் மருமகள் வந்து தன் விரலை வைத்து அரிசி வாங்கிப் போவாள்.

2022 ஆடிப்பெருக்கன்று அவள் தேதி கொடுத்தாள். 2023 ஜனவரி 2, மார்கழி பதினெட்டு, திங்கட்கிழமை, வைகுண்ட ஏகாதசி, ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று அச்சடித்திருந்த தாள்.

"சொர்க்கவாசல் தொறக்கிற அன்னைக்காப் போறீங்க மதினி?" என்று பக்கத்து மேஜை சீனியம்மாள் கேட்டாள்.

"ராகு காலத்துல வேலைக்கு வரப் பிடிக்கலடி" என்றாள் சண்முகக்கனி.

ஆனால் அந்த டிசம்பரில், லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் மகன் கற்பகராஜ் வெம்பக்கோட்டைப் பாதையில் வண்டியோடு கவிழ்ந்து, காலில் கம்பி வைக்க வேண்டியதாகி, வேலையை விட்டு உட்காருவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு பத்து நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனது. டீ நேரத்தில் தங்கமாரியிடம் போய், "அண்ணாச்சி, நான் நிக்கலை. இன்னும் ஒரு சீசன் பாத்துக்கிடுறேன்" என்றாள். அவர் காதில் போனை வைத்திருந்தார், தலையை ஆட்டினார். மதுரைக்குப் போக வேண்டிய லோடு கிளம்பாமல் நின்றது, பேக்கிங் அட்டை தீர்ந்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் கிடந்த சீட்டை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

"அதுதான் தப்பாப் போச்சு தாயி" என்று ஜனவரி 2 சாயங்காலம் தங்கமாரி சொன்னார். "அச்சடிச்ச தேதி வராமப் போகுமா? பேரையும் எழுதிக் குடுத்திருக்க. நீ வேலைக்கு வர்றேன்னு சொன்னது வாய் வார்த்தை. அவ எழுத்தை நம்பி வந்துட்டா."

முதலாளி தன் அறையிலிருந்த பீரோவைத் திறந்து பார்த்தார். அந்த வருஷத்துக்கென்று வாங்கிய மூன்று அரக்குச் சேலையில் இரண்டுதான் இருந்தன. பதிவேட்டில் ஒன்று கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பீரோவைப் பூட்டினார். கவரைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

முதல் ஒரு வாரம் தெருவில் கூட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் வருகிற நாள் மாறியதால் பேச்சு அதற்குப் போய்விட்டது. ஏட்டு ஒருவர் வந்து யார்மேல் யாருக்குப் புகார் என்று கேட்டார், யாருக்கும் இல்லை என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டுப் போனார். ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போனார். ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்து ஒட்டியிருப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள், படம் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒரு ஆதாருக்கு ஒரு ஆள்தான் என்றார், இரண்டாவது ஆள் சட்டப்படி தப்பா என்று கேட்டதற்கு, அப்படியும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றார். தெருக்காரர்களுக்கு இருந்த ஒரே சிக்கல் எப்படிக் கூப்பிடுவது என்பது. பத்து நாளில் அதுவும் தீர்ந்தது: வேலைக்குப் போகிறவள் பிரஸ்கனி, வீட்டில் இருக்கிறவள் வீட்டுக்கனி. இரண்டு பேருமே கூப்பிட்டால் திரும்பினார்கள்.

வீட்டுக்கனி முதல் பத்து நாள் தூங்கினாள். அப்புறம் காலையில் வெயில் ஏறியபின் எழுந்து, பல் தேய்த்து, நின்று நிதானமாகக் காபி குடித்து, பேத்தி தியாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு, வழியில் நான்கு வீட்டில் நின்று பேசி, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து, நான்கு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து, தலைபின்னிப் பூ வைத்துவிட்டு, கால் வலிக்காரன் கற்பகராஜோடு உட்கார்ந்து டிவி பார்த்தாள். முப்பத்தொரு வருஷமாகச் சண்முகக்கனிக்கு எந்தெந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லையோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் அவள் போய் வந்தாள். பக்கத்து வீட்டு மூலநோய்க்காரருக்குப் பத்தியம் சொன்னாள். ரேஷன் கடைக்குப் போய்ப் பெட்டியில் வலது கைப் பெருவிரலை வைத்தாள். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது, சண்முகக்கனி, பெண், வயது ஐம்பத்தெட்டு என்று வந்தது. கடைக்காரர் எழுந்து நின்று, "யம்மா, இனிமே நீங்களே வாங்க, அவங்களை அனுப்பாதீங்க" என்றார். விரல் நுனியில் ரேகை, மழை பெய்து ஓய்ந்த மணலில் தெரிகிற வரிகளைப் போல, தெளிவாக இருந்தது.

பிரஸ்கனி சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள். தன் தட்டில் தன்னைப் போலவே ஒருத்தி சாப்பிட்டு முடித்திருப்பாள், தன் பேத்தி அவள் மடியில் தூங்கிப்போயிருக்கும், தன் மகன் இத்தனை வருஷத்தில் தன்னிடம் சொல்லாத விஷயங்களை அவளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான். அவள் கையைக் கழுவிவிட்டு உட்காருவாள். யாராவது எழுந்து சோறு போடுவார்கள், பெரும்பாலும் வீட்டுக்கனிதான்.

அச்சகத்தில் இந்தச் செய்தி வேறு விதமாக வேலை செய்தது. அதுவரை கண்ணாடிக்கு அடியில் ஒன்பது தேதிகள் இருந்தன, அந்த வருஷத்துக்குள் நிற்கப்போகிறவர்கள் எழுதிக் கொடுத்தவை. சொன்ன தேதியில் தன்னால் நிற்க முடியும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை, நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள், டீ நேரத்தில், ஆளில்லாத சமயத்தில், ஒவ்வொருவராக வந்து கண்ணாடியைத் தூக்கி எட்டுச் சீட்டை எடுத்துப்போனார்கள்.

"எனக்கு என்னையவே தாங்க முடியலை. இதுல இன்னொருத்திக்கும் சேத்துப் பொங்கணுமாக்கும்" என்றாள் சீனியம்மாள், தன் சீட்டை நான்காகக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்தபடி.

"ரெண்டு பேரா ஆனா உங்க வீட்டுக்காரர் சந்தோசப்படுவாருல்ல?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அதுக்குத்தான் கிழிச்சேன்."

முதலாளிக்கு இதில் வருத்தமில்லை. அந்த வருஷம் யாரும் நிற்கவில்லை. பீரோவில் இரண்டு சேலை அப்படியே இருந்தது.

சண்முகக்கனிக்கு இருந்த கணக்கு ஒன்றுதான், அது ரொம்பச் சின்னது. பி.எஃப்., சீட்டுப் பணம், இரண்டு பவுன் சங்கிலி எல்லாம் சேர்த்து, அவள் ஒருத்தி சிக்கனமாக இருந்து, யாருக்கும் ஒன்றும் வராமல் இருந்தால், எழுபது வயது வரைக்கும் யாரிடமும் கையேந்தாமல் உட்காரலாம் என்று ஜோதிலட்சுமி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் போட்டுக் காட்டியிருந்தாள். மகனின் காலுக்குப் பிறகு அது அறுபத்தாறு ஆனது. இப்போது உட்காருகிறவள் ஏற்கெனவே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், காபி இரண்டு வேளை, பிரஷர் மாத்திரை இரண்டு பேருக்கு, விசேஷ வீடுகளுக்கு மொய்; அது அறுபத்திரண்டுக்கு வந்தது. தன் ஓய்வுக்குச் சோறு போடுவதற்காக அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, வேலைக்குப் போகிறவரை அவளால் ஓய்வுக்குப் போக முடியாது. இதை அவள் ஒருதடவை சீனியம்மாளிடம் சொன்னாள். "ஊருல எல்லாருக்கும் அப்படித்தான் மதினி. உங்களுக்கு அது சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றாள் சீனியம்மாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் விரல் வேகமாகப் போனது, இன்னொருத்தி ஒவ்வொரு காம்பாகப் பார்த்துப் பார்த்து உருவினாள்.

"எப்படி இருக்கு?" என்று பிரஸ்கனி கேட்டாள்.

"எது?"

"சும்மா இருக்கறது."

வீட்டுக்கனி ஒரு காம்பை உருவி முடித்தாள். "மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஆறு மணிக்கே முழிப்பு வந்துருது. நீ தூக்குவாளியை மூடுற சத்தம் கேக்கும். எந்திரிச்சு வந்தா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன்."

"எனக்கென்ன சங்கடம்."

"நீ கதவைச் சாத்துற சாத்துல தெரியும்டி."

பிரஸ்கனிக்குச் சிரிப்பு வந்தது. கீரையை அள்ளி முறத்தில் போட்டாள். "நான் வந்து உக்காந்தா என்ன ஆகும்? நீ போயிருவியா, இல்ல நாம ஒண்ணாயிருவமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் மொதத் தடவையாத்தான் வந்திருக்கேன்."

"ஒண்ணும் தெரியாமத்தான் பஸ் ஏறி வந்தியா?"

"தேதி போட்டிருந்துச்சு, வந்தேன். நீ இங்க இருப்பேன்னு நெனைக்கலை. வீடு சும்மாத்தான் இருக்கும், போய்ப் படுக்கணும்னு நெனச்சுட்டு வந்தேன்." பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "உன் கையைக் காட்டு" என்றாள். வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது வீங்கி, தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கனி எழுந்து போய் நீலகிரித் தைலத்தைக் கொண்டுவந்து தடவிவிட்டாள். இரண்டு கையும் ஒரே கைதான் என்பதால் எந்த இடத்தில் வலிக்கும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

2023 ஆடிப்பெருக்குப் பூஜை வருவதற்குள் வீட்டுச் செலவு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. கற்பகராஜுக்குக் கால் ஆறிவிட்டது, ஆனால் வண்டிக்குத் தவணை நின்றிருந்தது. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், வீட்டுக்கனி பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் அம்மாவிடம் பேசினான்.

"யம்மா, தங்கமாரி மாமா என்ன சொல்றாரு தெரியுமா. அந்தச் சீட்டை எடுத்துட்டா அவங்க போயிருவாங்களாம்."

"அவுக யாருடா?"

"அதான்... வீட்ல இருக்கிற அம்மா."

"போகச் சொல்லிருவமா?"

அவன் ஆறிய காலைத் தடவிக்கொண்டான். ஆறு மாதமாக அவன் சாய்ந்து டிவி பார்த்தது வீட்டுக்கனியின் தோளில். ஜோதிலட்சுமி அடுப்படியிலிருந்து, "அத்தை போயிட்டா பாப்பாவை யாரு கூட்டிட்டு வர்றது?" என்றாள். பிறகு, தான் சொன்னது யாரிடம் என்று நினைவு வந்து, "உங்களைச் சொல்லலை அத்தை" என்றாள்.

பூஜை முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். அந்த வருஷம் யாரும் புதுக் கட்டிலிருந்து தாள் கிழிக்கவில்லை. எல்லோரும் சுண்டல் பொட்டலத்தோடு கலைந்துபோன பிறகு தங்கமாரி மேஜைக் கண்ணாடியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தத் தேதி, ஓரம் பழுத்து, தனியாகக் கிடந்தது.

"எடுத்துக்கோ தாயி. ஒரு வாய்க்குச் சோறு மிச்சம். தெம்பு வரட்டும், ரெண்டு வருசம் கழிச்சு வேற தேதி எழுதிக் குடு."

சண்முகக்கனி குனிந்து பார்த்தாள். கையை நீட்டித் தாளின்மேல் விரலை வைத்தாள். தேதித் தாள்களை அவள் விரல் பார்க்காமலே எண்ணும், ஒன்றா இரண்டா என்று சொல்லும், இது ஒன்றுதான். எடுத்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் இருக்கும், பணம் மறுபடி அறுபத்துநான்கு வரைக்கும் வரும், அறுபத்துநான்கில் மறுபடி யாருக்காவது ஏதாவது ஆகும், மறுபடி ஒரு சீசன், அதற்கப்புறம் இன்னொரு சீசன். தான் உட்கார்ந்தால் எப்படி இருப்போம் என்பதைக்கூட அப்புறம் பார்க்க முடியாது.

"அண்ணாச்சி, கை வலிக்குமே, கண்ணாடியைக் கீழ வைங்க" என்றாள்.

"எடுக்கலையா?"

"இருக்கட்டும். ஒருத்தியாவது உக்காந்திருக்காளே."

தங்கமாரி கண்ணாடியை வைத்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று, அவர் தன் தேதியை யாரிடம் கொடுப்பது என்று அந்த அச்சகத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

அந்த சீசன் முடிகிறவரை மணிக்கட்டு தாங்கவில்லை. டிசம்பர் இரண்டாவது வாரம், அவசர ஆர்டர், மேஜைக்கு முந்நூறு கட்டு. அவள் ஒரு கட்டை எடுத்து முதல் பக்கம் தட்டினாள், இரண்டாவது பக்கம் தட்டினாள், மூன்றாவது தட்டில் கை தானாகத் திறந்துகொண்டது, அடுத்த வருஷம் முழுதும் தரையில் பரவியது. சீனியம்மாள் குனிந்து தேதிகளைப் பொறுக்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போட்டு, எட்டு மாதத்துக்கு எதையும் தட்டக் கூடாது, தூக்கக் கூடாது என்று சீட்டு எழுதினார். கூடப் போயிருந்த வீட்டுக்கனியைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டார். "ஆமா, கூடத்தான்" என்றாள் அவள்.

அப்படிச் சண்முகக்கனி உட்கார்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இருவரும் ஒன்றாகவில்லை, யாரும் போய்விடவும் இல்லை. இரண்டு பேரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள், தியா இரண்டு மடியிலும் மாறி மாறி உட்கார்ந்தது, காலை ஆறு மணிக்கு இரண்டு பேருக்கும் முழிப்பு வந்தது, தூக்குவாளி மூடுகிற சத்தம் மட்டும் இல்லை. தெருவில் இருவரையும் வீட்டுக்கனி என்று கூப்பிட்டார்கள், அது குழப்பமாக இருந்ததால் மறுபடி வெறும் கனியக்கா என்றே கூப்பிட்டார்கள். தை போனது, மாசி போனது. சித்திரையில் சங்கிலி போனது. ஆனியில் ஜோதிலட்சுமி அந்தப் பழைய தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டாள். அறுபத்திரண்டு என்பதை அடித்துவிட்டு ஐம்பத்தொன்பதே முக்கால் என்று எழுதி, யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். அரிசி எடுக்கப் போன இரண்டு பேரும் தனித்தனியாக அதைப் பார்த்தார்கள்.

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, ஆடிப்பெருக்கு. காலை ஆறு மணிக்குத் தூக்குவாளி மூடுகிற சத்தம் கேட்டுச் சண்முகக்கனி எழுந்து வந்தாள். அடுப்படியில் மற்றவள் நின்றிருந்தாள். அரக்குச் சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டிருந்தாள், முழங்கைக்கு மேல் பசைக் கறை படிந்த, வேலைக்குப் போகிற பழைய நீல ரவிக்கையைப் போட்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"இன்னைக்குப் பூஜை. இன்னைக்கு ஆள் இல்லைன்னா மேஜையை வேற யாருக்காவது குடுத்துருவாக."

"உனக்கு வேலை தெரியாதே."

"நீ முப்பத்தொரு வருசம் தட்டுனது எனக்கு மட்டும் தெரியாமப் போகுமா?"

"நீ உக்கார வந்தவ" என்றாள் சண்முகக்கனி. வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"உக்காந்தேன்ல. ஒண்ணரை வருசம் உக்காந்தேன். நீ அதுல பாதி கூட உக்காரல." அவள் தூக்குவாளியை எடுத்தாள். "தோசை மாவு இருக்கு. ஊத்திச் சாப்பிடு. நான் வர சாயங்காலம் ஆயிரும்."

கதவை அவள் மெதுவாகத்தான் சாத்தினாள். சண்முகக்கனி கொடியில் கிடந்த சேலையை இடது கையால் எடுத்துப் பார்த்தாள். மடிப்பு இப்போது கலைந்திருந்தது, மோவாயில் வைத்து மடிக்கிற இடத்தில் வியர்வை வாடை இருந்தது, தன் வியர்வைதான். குளித்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையை நர்சரிப் பள்ளியில் விடப் போனாள், வழியில் நான்கு வீட்டில் நிற்க வேண்டியிருந்தது.

அச்சகத்தில் அந்த வருஷம் வாசலில் ஆதாரோடு இணைத்த, விரல் வைக்கிற பெட்டி மாட்டியிருந்தார்கள். வந்தவள் பெருவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. தங்கமாரி ஏறிட்டுப் பார்த்தார், சீட்டுக் கிடந்த இடத்தைப் பார்த்தார், "வா தாயி" என்றார். சீனியம்மாள் மேஜையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "நீங்க எந்த மதினி?" என்று கேட்டாள்.

"இந்த சீசனுக்கு நான்தான்."

"அடுத்த சீசனுக்கு?"

"கை எப்படி இருக்குன்னு பாத்து, அவ."

"நல்லா இருக்கே. எங்க வீட்ல என் தங்கச்சிகூட எனக்கு ஒரு நாள் மாத்து வர மாட்டா" என்றாள் சீனியம்மாள். அன்றைக்குச் சுண்டல் பொட்டலம் மடிக்கையில் ஐந்தாறு பேர் இதைப் பற்றிப் பேசினார்கள், புதுக் கட்டிலிருந்து தாள் கிழிக்கலாமா என்றுகூட ஒருத்தி யோசித்தாள். பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது, சத்தத்தில் பேச முடியவில்லை.

அந்த சீசனில் அச்சகம் மூன்று லட்சத்துக்கு மேல் தினசரிக் காலண்டர் அனுப்பியது. கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு சீட்டு இருந்தது.

2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை, அச்சகத்துக்கு லீவு; காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ரேஷன் கடைக்குப் போனார்கள். வேலைக்குப் போகிறவள், பழக்கத்தில், பெட்டியில் விரலை வைத்தாள். பத்து விரலையும் வைத்தாள். அது அவளை யாரென்று தெரியவில்லை என்றது. பின்னால் நின்றவள், ஒரு வருஷமாகத் தாளைத் தட்டாதவள், வந்து வலது கைப் பெருவிரலை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. இருபது கிலோ அரிசி போட்டார்கள். பருப்பு இன்னும் வரவில்லை என்றார்கள்.